மாப்பிள்ளையின் வயிற்றுவலி

"நாக்கை நீட்டுங்க, முதலாளி."

ஹாமிது நாக்கை நீட்டினார். அற்புதமணி அவர் முகவாயைப் பிடித்து சன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினான். பால்குடிக் குழந்தையின் நாக்கு மாதிரிச் சிவந்து ஈரமாக இருந்தது. நாள்கணக்கில் வெளிக்குப் போகாத ஆளுக்கு இப்படி ஒரு நாக்கு இருக்கக் கூடாது.

"வயிறு எங்கன வலிக்கு?"

ஹாமிது குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். யாரோ சற்று நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன மூட்டையைப் பார்ப்பது போலிருந்தது. பிறகு தொப்புளுக்கு இடப்பக்கம் கையை வைத்தார். யோசித்துவிட்டுச் சற்றுக் கீழே இறக்கினார்.

"இங்கன."

அற்புதமணி அந்த இடத்தில் விரல்களை வைத்து அழுத்தினான். வயிறு பிசைந்து வைத்த மாவு போல இளகிக் கொடுத்தது.

"வலிக்கா?"

ஹாமிது சிரித்துவிட்டார். "கூசுது தம்பி."

"சரி, வலி வரும்போது எப்பிடி? குத்துத மாதிரி இருக்கா, பிசையுத மாதிரி இருக்கா?"

"அதுவா..." ஹாமிது எழுந்து சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "இருங்கோ, வாரேன்."

உள்கட்டுக்குப் போகும் வாசலில் ஒரு பச்சைத் திரை தொங்கியது. அதை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். உள்ளே பெண்குரல்கள் குசுகுசுத்தன. திரும்பி வந்து உட்கார்ந்து, பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னார்.

"பிசையுது. பிசைஞ்சிட்டு அப்புறம் முறுக்குது. சாப்பிட்ட கையோட இல்ல. சித்த நேரங்கழிச்சு."

அற்புதமணி மிஷன் ஆஸ்பத்திரியில் மூன்று வருஷம் நர்ஸ் வேலை படித்தவன். அதிலும் பெரும்பகுதி வயிற்று வார்டில். சீதபேதிக்காரர்களையும் குடல்புண்காரர்களையும் புரட்டிப் போட்டுத் துடைத்தவன். தன் வயிறு எப்படி வலிக்கிறது என்று சொல்வதற்கு உள்ளே போய்விட்டு வரும் நோயாளியை அவன் கண்டதில்லை.

காயல்பட்டினத்தில் கல்யாணமானால் ஆண்தான் பெண் வீட்டுக்கு வருவான். இது ஹாஜரா பீவியின் வீடு. அவள் மகள் சம்சுன்னிசாவைக் கட்டியவர் ஹாமிது. மாப்பிள்ளை என்ன உடுத்த வேண்டும், காலைப் பசியாறலுக்கு எத்தனை வகை வைக்க வேண்டும் என்பதெல்லாம் மாமியாரின் அதிகாரம் என்று அற்புதமணி கேள்விப்பட்டிருந்தான். மாப்பிள்ளையின் வயிறு குத்துகிறதா பிசைகிறதா என்பதும் அந்த அதிகாரத்துக்கு உட்பட்டதுதான் என்று இப்போது தெரிந்துகொண்டான்.

பிசைகிறது என்று குறித்துக்கொண்டான்.

தூத்துக்குடியில் அவன் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் அப்போது ஆள் இல்லை. கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டான் என்ற செய்தி வந்ததும் லேடி டாக்டர் அம்மா திண்டுக்கல்லுக்குப் போய்விட்டார். நர்ஸ் பெண்களை அவர்களுடைய அப்பாமார் வந்து அழைத்துப் போனார்கள். கம்பவுண்டர் ஓட்டப்பிடாரத்தில் மாமனாரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர், இன்னும் மாமனாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சியது பெரிய டாக்டரும் அற்புதமணியும் பினாயில் வாடையும்.

அந்தச் சமயத்தில்தான் ஹாமிது வந்தார். கொழும்பில் ஜவுளிக் கடை. குண்டுக்கு முந்தின தோணியில் ஊர் திரும்பியவர். வயிற்றுவலி, வெளிக்குப் போவதில்லை, போனால் கல்லுக் கல்லாக, அதில் ரத்தம் என்றார். பெரிய டாக்டர் அவரைப் படுக்கப் போட்டு அழுத்தினார், தட்டினார், குழாய் வைத்துக் கேட்டார்.

"நீர் சொல்றதைக் கேட்டா போன வாரமே மௌத்தாகியிருக்கணும். உடம்பைப் பாத்தா குஸ்திக்கு அனுப்பலாம்."

"மருந்த மட்டும் குடுங்கோ டாக்டர். கொண்டு போயிருதேன்."

அது நடக்காது. மருந்துப் புட்டியை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதில்லை என்பது அந்த ஆஸ்பத்திரியின் சட்டம். ஒரு தடவை துறைமுகக் கூலி ஒருவனுக்குச் சீதபேதி என்று கொடுத்த மருந்தை அவன் பெண்சாதி இடுப்புவலிக்கும், அவள் தம்பி தலைவலிக்கும், பக்கத்து வீட்டுக்காரன் வீணாகப் போகிறதே என்றும் குடித்திருந்தார்கள். அன்று முதல் எந்த மருந்தானாலும் நர்ஸின் கண் முன்னால், நோயாளியின் தொண்டையில்.

"அப்படின்னா இங்கே வந்து படும்."

"வீட்ட விட்டு வர முடியாது."

ஆகவே அற்புதமணி ஒரு பூட்டுப் போட்ட தகரப் பெட்டி, ஒரு டின் பார்லி, ஒரு பெட்பேன், ஓர் எனிமா டப்பா ஆகியவற்றோடு காயல்பட்டினத்துக்கு அனுப்பப்பட்டான். பஸ் ஏறும்போது டாக்டர் சொன்னார்:

"வெள்ளிக்கிழமை நான் வருவேன். அதுக்குள்ளே வழிக்கு வரல்லேன்னா கூட்டிட்டு வந்து கீறிட வேண்டியதுதான்."

பெரிய டாக்டர் சமீபத்தில்தான் மதராஸில் வயிறு கீறும் வித்தை கற்றுவந்திருந்தார். அதிலிருந்து எவனுடைய வயிறும் அவருக்குப் பிரிக்காத பார்சலாகத் தோன்றியது. முதலில் பிரித்தது ஒரு சுங்கக் குமாஸ்தாவின் வயிறு. குமாஸ்தா நடந்து வந்தார். போனது நடந்தல்ல. அவர் தலைமாட்டில் நின்று கொட்டாங்கச்சி விளக்கு மாதிரி கண் அணைந்ததைப் பார்த்தவன் அற்புதமணி.

வெள்ளிக்கிழமைக்குள் இந்த மனுஷனைக் கத்தியிலிருந்து தப்பவைக்க வேண்டும். அவனுக்கு வேறு யோசனை இல்லை.

வெளிக்கூடத்தில் அவனுக்கு ஒரு கட்டில் போட்டிருந்தார்கள். பெண்கள் யாரையும் அவன் பார்க்கவில்லை. பார்க்கும் வழக்கமும் அங்கே இல்லை. உள்ளுக்கும் வெளிக்கும் போய்வருகிறவள் வேலைக்காரி சீனித்தாய் ஒருத்திதான். ஹாஜரா பீவியைப் பெரியம்மா என்றும் சம்சுன்னிசாவைச் சின்னம்மா என்றும் சொல்வாள். மற்றபடி அவள் சொல்வது ஒன்றே ஒன்றுதான்.

"உங்க முதலாளிக்கு எத்தனை நாளா இப்பிடி இருக்கு, சீனித்தாய்?"

"எனக்கு என்னய்யா தெரியும்."

பார்லிக் கஞ்சியை அற்புதமணியே காய்ச்சினான். யுத்த காலத்தில் பார்லி தங்கம். வடிகட்டி, உப்புப் போட்டு, பீங்கான் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தான். ஹாமிது அதை இரண்டு கையாலும் வாங்கினார்.

"உள்ள உக்காந்து குடிச்சாத்தான் எனக்கு இறங்கும், தம்பி."

சரி என்றான். கோப்பை உள்ளே போய்க் காலியாகத் திரும்பி வந்தது. சாயங்காலம் சீனித்தாய், "உப்பு கொஞ்சம் கம்மின்னு சின்னம்மா சொன்னாவ" என்றாள். புருஷன் குடிக்கும் கஞ்சியை ருசி பார்த்து அனுப்பும் மனைவி. அற்புதமணிக்கு அது நல்ல அடையாளமாகப் பட்டது.

மறுநாள் காலை ஹாமிது உள்ளேயிருந்து சிரித்துக்கொண்டே வந்தார்.

"கொறைஞ்சிருக்கு தம்பி! ராத்திரி உறக்கம் வந்திருக்கு!"

அற்புதமணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாடி பார்க்கக் குனிந்தான். அப்போது ஒரு வாடை வந்தது. இன்னும் கொஞ்சம் குனிந்தான். ஏலம், கிராம்பு, நெய், ஆட்டுக்கறி.

"முதலாளி, நீங்க கறி சாப்பிட்டீங்களா?"

ஹாமிது பொய் சொல்லத் தெரியாதவர். "ஆமா."

"கஞ்சி?"

"அது... குடிச்சாச்சு."

"கஞ்சிக்கு மேல கறியா!"

ஹாமிது திரையைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "மாமி வைச்சாஹ. வேண்டாம்னு எப்பிடிச் சொல்ல?"

எல்லாம் விளங்கிவிட்டது. மாமியார் விருந்து வைத்தே மாப்பிள்ளையைக் கொல்கிறாள். அற்புதமணி அந்த நிமிஷமே புதுச் சட்டம் போட்டான். இனிமேல் கஞ்சியும் கண் முன்னால். கறி, நெய், பலகாரம் எதுவும் கிடையாது.

மத்தியானம் கஞ்சி வந்தது. ஹாமிது கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"உக்காருங்க."

உட்கார்ந்தார். ஒரு மிடறு குடித்தார். முகம் சுருங்கியது. பாதியில் நிறுத்தினார்.

"மிச்சத்த உள்ள கொண்டு போயி..."

"ஒரு சொட்டு மிஞ்சக் கூடாது, முதலாளி. உங்க நன்மைக்குத்தான் சொல்லுதேன்."

குடித்து முடித்தார். ஒரு நாள் முழுவதும் அப்படியே நடந்தது. கறியை நிறுத்தி, கஞ்சியைக் குடிக்கவைத்தாயிற்று. மறுநாள் காலை அற்புதமணி ஆவலோடு கேட்டான்.

"எப்பிடி இருக்கு?"

"இருங்கோ." உள்ளே போனார். வெளியே வந்தபோது முகம் செத்திருந்தது. "கூடிட்டு தம்பி. ராத்திரி பூரா முறுக்கியிருக்கு."

"பூரா முறுக்குச்சா? நான் இங்கதானே படுத்திருந்தேன். உங்க குறட்டை திரையத் தாண்டிக் கேட்டுச்சே."

"குறட்டை வேற, வலி வேற, தம்பி."

அந்த நேரத்தில் சீனித்தாய் பெட்பேனைத் துணி போட்டு மூடிக் கொண்டுவந்து கொல்லைப்புற முடுக்கில் வைத்தாள். துணியை நீக்கிப் பார்த்தான். ஆட்டுப் புழுக்கை மாதிரி நாலைந்து உருண்டைகள். ஒன்றில் ரத்தக் கோடு.

மனுஷன் சிரித்துக்கொண்டே சாகிறான் என்று நினைத்தான். கஞ்சியால் ஆகாது. பெட்டியைத் திறந்து விளக்கெண்ணெயை எடுத்தான்.

கொட்டும் போதே ஹாமிதின் கண்கள் விரிந்தன. "இத்தனையுமா?"

"இத்தனையும்."

வாயில் ஊற்றிக்கொண்டார். கன்னம் இரண்டும் உப்பின. எழுந்தார். சாரத்தைப் பிடித்துக்கொண்டு நிதானமாகத் திரையை நோக்கி நடந்தார்.

"முதலாளி!"

நின்றார். திரும்பினார். கன்னம் உப்பியபடியே இருந்தது.

"முழுங்குங்க."

ஹாமிது கையால் உள்ளே காட்டினார். ஏதோ சொல்ல முயன்றார். உதட்டோரம் எண்ணெய் ஒழுகியது.

"முழுங்கினாத்தான் போகலாம்."

கண்ணை இறுக மூடி முழுங்கினார். தொண்டைக்குழி ஏறி இறங்கியதை அற்புதமணி கவனித்துக்கொண்டான். ஹாமிது திரை ஓரத்தில் நின்று, தோற்றுப்போன ஆள் மாதிரி, "முழுங்கிட்டேன்" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். உள்ளே யாரோ நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் கேட்டது.

சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் விளக்கெண்ணெய் வேலையைக் காட்டியது. ஹாமிது கொல்லைக்கு ஓடினார். வந்தார். உட்காருமுன் மறுபடி ஓடினார். செம்பில் தண்ணீர் மொண்டு வைத்துச் சீனித்தாய்க்குக் கை ஓய்ந்தது. அற்புதமணி கொல்லைக் கதவருகே நின்று, ஜெயித்த சேனாபதி மாதிரி கைகளைக் கட்டிக்கொண்டான்.

"வழி திறந்துட்டு, முதலாளி!"

"அல்லா..." என்று கொல்லைக்குள்ளிருந்து பதில் வந்தது.

மறுநாள் காலை சீனித்தாய் பெட்பேனைக் கொண்டுவந்தாள். அற்புதமணி துணியை நீக்கினான்.

ஆட்டுப் புழுக்கை. ரத்தக் கோடு.

குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான். மறுபடி குனிந்தான்.

"இதுதானா?"

"இதுதான்யா."

"நேத்து அத்தனை தடவை ஓடினாரே!"

"எனக்கு என்னய்யா தெரியும். எடுத்துட்டுப் போன்னாவ. எடுத்துட்டு வந்தேன்."

ஹாமிதைப் போய்க் கேட்டான். அவர் வெளிக்கூடத்துக் கட்டிலில் துவைத்துப் போட்ட துணி மாதிரிக் கிடந்தார்.

"நேத்து போனதையெல்லாம் ஏன் பெட்பேன்ல போகல்ல?"

"அந்த அவசரத்துல பேனத் தேட முடியுமா, தம்பி?"

நியாயந்தான். ஆனால் தண்ணீராய்ப் போன குடலில் காலையில் கல் எப்படி வந்தது? அற்புதமணி பெட்டியிலிருந்து தன் நர்ஸ் படிப்புப் புத்தகத்தை எடுத்தான். வயிற்றுப் போக்கு ஓர் அத்தியாயம். மலச்சிக்கல் ஓர் அத்தியாயம். இரண்டும் ஒரே ஆளுக்கு ஒரே சமயத்தில் என்று அத்தியாயம் எதுவும் இல்லை.

எப்படியானாலும் ஆள் வற்றிக்கொண்டிருந்தார். கண் உள்ளே போய்விட்டது. இப்படியே விட்டால் டாக்டரின் கத்திக்கு வேலை மிச்சம். முதலில் போக்கை நிறுத்த வேண்டும். பிஸ்மத் பொடியைத் தண்ணீரில் குழைத்துக் கொடுத்தான்.

"இது கட்டும். இதைச் சாப்பிட்டா வெளிக்குக் கறுப்பாப் போகும். பயந்துராதீங்க."

"கறுப்பாவா?" ஹாமிது உள்ளே போய் அதைச் சொல்லிவிட்டு வந்தார். "பயப்பட மாட்டாஹ."

"யாரு?"

"யாரும்."

பிஸ்மத் கட்டியது. கட்டியே விட்டது. அடுத்த நாள் ஹாமிது அற்புதமணியின் காதருகே வந்து, வெட்கத்தோடு, யாருக்கும் கேட்காமல் சொன்னார்:

"தம்பி, இப்பம் எனக்கு நெசமாவே வரமாட்டேங்குது."

"நெசமாவேன்னா?"

"இல்ல... முன்னைய விட."

"சுத்தமா இல்லையா?"

"சுத்தமா இல்ல. வயிறு கல்லு மாதிரி இருக்கு. பாருங்கோ." முதல் தடவையாகத் தன் வயிற்றைச் சொந்தக்காரன் போலத் தடவினார்.

சீனித்தாய் பெட்பேனோடு வந்தாள். துணியை நீக்கினான். உருண்டைகள். பழுப்பு நிறம். கறுப்பின் சாயல்கூட இல்லை.

"முதலாளி, இங்கன வாங்க. சுத்தமா இல்லன்னு சொன்னீங்களே. இது என்ன?"

ஹாமிது பெட்பேனை வெகுநேரம் பார்த்தார்.

"அல்லாவோட கிருபை," என்றார்.

அற்புதமணி கடற்கரைப் பக்கம் நடந்தான். மணலில் உட்கார்ந்தான். கொழும்புத் தோணிகள் பாய் இறக்கி வேலையற்றுக் கிடந்தன. பிஸ்மத் தின்றவனுக்குக் கறுக்க வேண்டும். கறுக்கவில்லை. விளக்கெண்ணெய் குடித்தவனுக்கு இளக வேண்டும். ஓடவும் செய்தது, இளகவும் இல்லை. ஒன்றுமே வரவில்லை என்கிறவனிடமிருந்து தினமும் காலையில் வருகிறது. பிஸ்மத் போலியா? நாக்கில் வைத்துப் பார்த்தான். பிஸ்மத்தான். புத்தகம் தப்பா? வெள்ளைக்காரன் எழுதியது. பைத்தியம் தனக்கா, குடலுக்கா?

பிறகு ஒரு யோசனை தோன்றியது. இந்த ஆள் நடிக்கிறார். குண்டு விழுந்த கொழும்புக்குத் திரும்பப் பயம். மாமியார் முன்னால் பயம் என்று சொல்ல முடியுமா? வயிறு என்கிறார். கறிவாடையும் குறட்டையும் சிவந்த நாக்கும் இப்போது ஒரு வரிசையில் வந்து நின்றன. அந்த உருண்டைகள்? எங்கோ ஆட்டைக் கட்டி வைத்திருக்கிறார்.

எழுந்து வேகமாக வந்தான். ஹாமிதை நேருக்கு நேர் கேட்டான்.

"முதலாளி, கொழும்புக்குப் போகாம இருக்க டாக்டர்ட்டச் சொல்லி ஒரு சர்டிபிகேட் வாங்கித் தரட்டா?"

"எதுக்கு? நான் போகணும்னு துடிக்கேன். கடை அங்கன பூட்டிக் கிடக்கு. இந்த வயித்துவலி தீர்ந்தா அடுத்த தோணியிலேயே ஏறிருவேன். இத இப்பிடி விட்டுட்டு எப்பிடித் தம்பி போவ?"

சொல்லும்போது குரல் உடைந்தது. கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை. அற்புதமணிக்கு வெட்கமாகப் போயிற்று. வீட்டைச் சுற்றி வந்து பார்த்தான். ஆடும் இல்லை.

வியாழக்கிழமை. இனி ஒன்றுதான் மிச்சம். எனிமா டப்பாவைக் கழுவி, சோப்பு நீரைக் கரைத்து, ரப்பர் குழாயை மாட்டினான்.

ஹாமிது குழாயைப் பார்த்தார். "இது எதுக்கு?"

அற்புதமணி விளக்கினான். விளக்க விளக்க ஹாமிது சுவரோரம் நகர்ந்துகொண்டே போனார்.

"தம்பி, ஒண்ணு செய்யலாமா? இத அப்பிடியே என் கையில குடுத்துருங்கோ. உள்ள கொண்டு போயி..."

"தன்னால வச்சுக்கிட முடியாது முதலாளி. இன்னொரு ஆள் வேணும்."

"மாமி இருக்காஹ. மாமி வைச்சிருவாஹ."

அற்புதமணியின் கையிலிருந்த டப்பா சாய்ந்து தண்ணீர் கொட்டியது.

"மாமியா!"

"ஆமா. எப்பிடின்னு சொல்லிக் குடுத்தா செஞ்சிருவாஹ. கைராசியான ஆளு."

அற்புதமணி ஊர் ஊராக வேலை பார்த்தவன். மாமியாரும் மருமகனும் எதிரெதிரே நின்று பேசாத வீடுகளைப் பார்த்திருக்கிறான். பேசுகிற வீடுகளையும் பார்த்திருக்கிறான். மாமியார் மருமகனுக்கு எனிமா வைக்கிற வீட்டைக் கனவிலும் பார்த்ததில்லை.

"முதலாளி," என்றான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உங்க வழக்கம் எனக்குத் தெரியாது. தப்பா நினைக்காதீங்க. ஆனா நான் உயிரோட இருக்கும்போது அது நடக்கக் கூடாது. குப்புறப் படுங்க."

"தம்பி..."

"வெள்ளிக்கிழமை டாக்டர் கத்தியோட வாரார். இதுல வழி திறந்தா நீங்க பொழைச்சீங்க. படுங்க."

ஹாமிது திரையைப் பார்த்தார். திரை அசையவில்லை. மெதுவாகக் கட்டிலில் ஏறி, தலையணையில் முகத்தைப் புதைத்தார்.

வழி திறந்தது. பிஸ்மத் கட்டியதெல்லாம் சோப்பு நீரோடு போயிற்று. கறுப்பாகத்தான் போயிருக்க வேண்டும். ஆனால் இம்முறையும் ஹாமிது பெட்பேனைத் தாண்டிக் குதித்துக் கொல்லைக்கு ஓடிவிட்டார். திரும்பி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இப்பம் வயிறு எப்பிடி?" அற்புதமணி கையைப் பிசைந்தான்.

"லேசா இருக்கு. காத்து மாதிரி இருக்கு."

"வலி?"

"இருங்கோ." சுவரைப் பிடித்துக்கொண்டே உள்ளே போனார். பிடித்துக்கொண்டே திரும்பினார். "அப்பிடியேதான் இருக்கு."

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து ஆட்கள் திரும்பும் நேரத்தில் பெரிய டாக்டரின் கரி மோட்டார் புகையைக் கக்கிக்கொண்டு வந்து நின்றது. பெட்ரோல் கிடைக்காத காலம். பின்னால் கட்டிய கரி அடுப்பில்தான் வண்டி ஓடியது. டிரைவர் முப்பிடாதி இறங்கி அடுப்பைக் கிளறத் தொடங்கினான்.

டாக்டர் கூடத்தில் உட்கார்ந்து அற்புதமணி சொன்னதையெல்லாம் கேட்டார். அன்றைய பெட்பேனையும் பார்த்தார். ஹாமிதையும் பார்த்தார். முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது.

"விளக்கெண்ணெய்க்குத் தண்ணியாப் போச்சு."

"போச்சு சார்."

"கல் அப்படியே இருக்கு."

"இருக்கு சார்."

"பிஸ்மத் கறுக்கவே இல்லை."

"அதுதான் சார் எனக்குப் புரியல்ல."

"உனக்கு எப்படிப் புரியும்? குடல்லே ஒரு பை விழுந்திருக்கு. கல்லெல்லாம் அதுக்குள்ளே. மருந்து அதைத் தொடாம ஓரமா ஓடிப் போயிடுது. ஒரே வயித்துக்குள்ளே ரெண்டு ஆள் குடியிருக்கற மாதிரி. லட்சத்திலே ஒண்ணு!" டாக்டர் எழுந்துவிட்டார். "மதராஸுக்கு எழுதணும். இன்னைக்கே கீறணும்."

"இன்னும் ரெண்டு நாள் பாக்கலாம் சார். ஒத்தடம் குடுத்து..."

"ஒரு வாரம் நீ என்ன செஞ்சே? ஆள் பாதியாயிட்டான். வந்தபோது குஸ்திக்காரன் மாதிரி இருந்தான்."

அது உண்மை. அற்புதமணி தலையைக் குனிந்துகொண்டான்.

டாக்டர் ஹாமிதுக்கு விஷயத்தைச் சொன்னார். மயக்கம் கொடுப்பது, கீறுவது, தைப்பது எல்லாம் சொன்னார். முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த சீனித்தாயின் விளக்குமாறு நின்றது. டாக்டர் மோட்டாருக்குப் போனதும் ஹாமிது அற்புதமணியின் கையைப் பிடித்தார்.

"கீறிப் பாத்தா என்ன நோவுன்னு நிச்சயமாத் தெரிஞ்சிருமா, தம்பி?"

"தெரிஞ்சிரும்னு டாக்டர் சொல்லுதார்."

"தெரிஞ்சா, அதுக்கு மருந்து தருவாஹளா?"

"தருவாங்க."

"அந்த மருந்த... வீட்டுக்குக் கொண்டு போக விடுவாஹளா? புட்டியோட?"

சாகப்போகிற மனுஷன் மருந்துப் புட்டியைப் பற்றி விசாரிக்கிறான். "ஆபரேஷனுக்குப் பெறகு விடுவாங்க. அப்பம் அந்தச் சட்டம் இல்ல."

ஹாமிதின் முகம் தெளிந்தது. "அப்பம் சரி. கீறட்டும்."

"முதலாளி, யோசிங்க. பயமா இல்லையா?"

"பயந்தான். ஆனா இன்னும் எத்தன நாளைக்குத் தம்பி இந்த வலியப் பாத்துட்டு இருக்க?"

திரைக்கு உள்ளே போனார். "தூத்துக்குடி வரைக்கும் போயி மருந்து வாங்கிட்டு வாரேன்" என்று சொல்வது மட்டும் கேட்டது. கத்தியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. வெளியே வந்து, செருப்பை மாட்டி, மோட்டாரில் ஏறி, குதிரை லாயத்தில் கட்டிய ஆடு மாதிரி டாக்டர் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார்.

முப்பிடாதி துருத்தியைச் சுற்றினான். கரி பிடித்துக்கொண்டது. வண்டி ஒரு தடவை இருமி உறுமியது. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏறுப்பா அற்புதமணி."

அற்புதமணி தகரப் பெட்டியைத் தூக்கினான். சுங்கக் குமாஸ்தா நினைவுக்கு வந்தார். என்ன தப்புச் செய்தோம்? கறியை நிறுத்தினோம். கஞ்சியைக் கொடுத்தோம். மருந்தெல்லாம் தொண்டைக்குள் போனதைக் கண்ணால் பார்த்தோம். ஒரு சொட்டு வெளியே போகவில்லையே.

படியிறங்கினான். வழியில் சீனித்தாய் விளக்குமாற்றோடு நின்றுகொண்டிருந்தாள்.

"வழி விடு, சீனித்தாய்."

அவள் விடவில்லை. மோட்டாரில் ஹாமிது அவளைப் பார்த்து, வேண்டாம் வேண்டாம் என்று பதறித் தலையாட்டினார். சீனித்தாய் திரையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். விளக்குமாற்றைக் கீழே போட்டாள்.

"ஏய்யா, மாப்பிள்ளை வயித்தக் கீறுனா சின்னம்மா வயித்துவலி எப்பிடிய்யா சொகமாவும்?"